மூன்றடியிலிருந்து நான்கடிக்கு: பவளத் தொட்டியைப் பெரிதாக்கும்முன் ஆலோசனை வேண்டும்

மாடிக்கடல் எழுதியது:

வணக்கம். திருவான்மியூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் ஐந்து ஆண்டுகளாகக் கடல்நீர்த் தொட்டி ஒன்றை வைத்திருக்கிறேன். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல்லும் மூன்று அங்குல மணலும் போக ஏறக்குறைய 170 லிட்டர் நீர் நிற்கும். ஒரு ஜோடிக் கோமாளி மீன், அவை குடியிருக்கும் ஒரு கடற்சாமந்தி, இரண்டு டாம்செல் மீன், ஓர் இறால், சில காளான் பவளங்கள், சோவாந்திட் எனும் பூப்போன்ற சிறு உயிர்களின் கூட்டங்கள் ஆகியவற்றுடன் ஒரு தோல் பவளமும் இருக்கிறது. உள்ளங்கை அளவில் வந்த அந்தத் தோல் பவளம் இப்போது சாப்பாட்டுத் தட்டளவுக்கு விரிந்து, கீழே இருப்பவற்றின் மீது நிழல் போட்டு அவற்றைச் சுருங்க வைக்கிறது. தொட்டியைப் பெரிதாக்கும் எண்ணம் வந்ததே அதனால்தான்.

நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் 12 மில்லிமீட்டர் கண்ணாடியில் புதிய தொட்டி செய்யச் சொல்லியிருக்கிறேன். கீழே 100 லிட்டர் சம்ப், அதாவது வடிகட்டும் துணைத்தொட்டி, வரும். பழைய தொட்டி இருக்கும் அதே சுவரோரத்தில்தான் புதியதும் நிற்க வேண்டும் என்பதால், இரண்டையும் அருகருகே ஓடவிட்டு மெல்ல மாற்ற வழியில்லை. ஒரே நாளில் முடித்தாக வேண்டும். தளம் எடையைத் தாங்குமா, ஐந்து ஆண்டு மணலை என்ன செய்வது, இத்தனை நீரை எப்படித் தயாரிப்பது என்ற மூன்றும்தான் என் கவலை. நீல டாங் மீன் ஒன்று வேண்டும் என்று வீட்டில் ஒரு சின்னக் கோரிக்கையும் நிலுவையில் இருக்கிறது.

பவளத்தீவு எழுதியது:

மணலைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனெனில் இடமாற்றத்தில் உயிர்கள் இறப்பதை நான் பார்த்த பெரும்பாலான வீடுகளில் காரணம் அதுவாகவே இருந்தது. ஐந்து ஆண்டுகளில் மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் மணலின் அடியில் படிந்து, ஆக்சிஜன் எட்டாத அடுக்கு ஒன்று உருவாகியிருக்கும். கண்ணாடியின் ஓரத்தில் கரும்பட்டை தெரிந்தால் அதுதான். அசையாமல் கிடக்கும்வரை அதனால் பெரிய கேடில்லை. அள்ளினால், அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்ஃபைடும் தேங்கியிருந்த அம்மோனியாவும் ஒரே நேரத்தில் நீரில் கலக்கும். கடல்நீரின் கார அமிலநிலை (pH) 8.2 அளவில் இருப்பதால், நன்னீர்த் தொட்டியில் மீன் பொறுத்துக்கொள்ளும் அதே அம்மோனியா இங்கே கூடுதல் நஞ்சாகிறது.

ஆகவே பழைய மணலை விட்டுவிட்டுப் புதிய மணல் வாங்குங்கள். அதையும் நீர் தெளியும்வரை அலசிப் போடுங்கள். உங்கள் தொட்டியின் உண்மையான வடிகட்டி கற்கள்தான். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பரப்புகளில் ஒட்டி வாழ்கின்றன. நீரில் மிதப்பவை மிகக் குறைவு. கற்களைக் காயவிடாமல், கடல்நீரில் மூழ்கிய நிலையிலேயே, ஒரு சிறு பம்ப் ஓடும் டிரம்மில் வைத்து மாற்றினால், அதே மீன்களின் எண்ணிக்கைக்குப் புதிய தொட்டி முதல் நாளிலிருந்தே தயாராக இருக்கும். மாற்றும்முன் ஒவ்வொரு கல்லையும் பழைய நீர் உள்ள வாளியில் முக்கி நன்றாக ஆட்டினால் எவ்வளவு சகதி உதிர்கிறது என்று பாருங்கள். அந்த வாளி நீரைக் கொட்டிவிட வேண்டும்.

மீன்களைப் பிடிப்பது கற்களை எடுத்த பிறகு, நீர் நான்கு விரல் உயரத்துக்கு இறங்கும்போது. கற்கள் உள்ளே இருக்கும்போது டாம்செலை வலையால் துரத்தினால் பகல் முழுவதும் போய்விடும்.

உப்புக்கணக்கு எழுதியது:

தளத்தின் எடைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நான்கடிக்கு இரண்டடிக்கு இரண்டடி என்பது 16 கன அடி, அதாவது சுமார் 453 லிட்டர். விளிம்புவரை நிரப்ப மாட்டீர்கள் என்பதால் நீரின் எடையை 430 கிலோவாகக் கொள்ளுங்கள். கண்ணாடி 90 கிலோவைத் தாண்டும்; கல்லும் மணலும் 80, சம்ப் நீரோடு 130, இரும்புச் சட்டம் 70. மொத்தம் 800 கிலோ. இது நிற்பது முக்கால் சதுர மீட்டர் பரப்பில்.

வீட்டு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 200 கிலோ சுமைக்கு வடிவமைக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம் 875இன் இரண்டாம் பகுதி சொல்வது. உங்கள் தொட்டி நிற்கும் இடத்தில் அதைப்போல் ஐந்து மடங்கு வருகிறது. இதைப் பார்த்து அஞ்சிவிட வேண்டாம், ஏனெனில் அந்த அளவு அறை முழுவதும் பரவிய சுமைக்கானது, தளமும் சுமையை அக்கம்பக்கத்துக்குக் கடத்தும். ஆனால் சுமை எங்கே நிற்கிறது என்பது மிக முக்கியம். தொட்டியின் நீளப்பக்கம் உத்தரத்தை ஒட்டி, தூணுக்கு அருகில் இருப்பது நல்லது. அறையின் நடுவில் நிற்கும் அதே தொட்டி முற்றிலும் வேறு கதை. வெளியே நீட்டிய பால்கனியும், கழிவறையை ஒட்டிய தாழ்த்தப்பட்ட தளமும் கூடவே கூடாது. குடியிருப்பின் கட்டமைப்பு வரைபடத்தைச் சங்கத்திடம் கேட்டு வாங்கி, ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டிவிடுங்கள். இணையத்தில் நான் சொல்வதை நம்பி 800 கிலோவை இரண்டாம் தளத்தில் நிறுத்தாதீர்கள்.

சட்டத்தை நிறுத்தியதும் நான்கு மூலையிலும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். நம் வீடுகளில் தரை ஓடுகள் நீர் வழிவதற்காகச் சற்றே சரிவாக இருப்பது வழக்கம். அந்தச் சரிவு நான்கடி நீளத்தில் கண்ணுக்கே தெரியும், ஒட்டுப்பசையின் மீது இழுவையாகவும் விழும்.

மின்கணக்கு எழுதியது:

எல்லோரும் கண்ணாடியையும் கல்லையும் பேசுகிறார்கள். நான் மீட்டரைப் பேசுகிறேன். சம்ப்பிலிருந்து நீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் 40 வாட், நீரோட்டம் தரும் வேவ்மேக்கர் இரண்டும் சேர்ந்து 30, கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் 20. இவை மூன்றும் இரவு பகலாக ஓடினால் நாளொன்றுக்கு இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல். விளக்கு 150 வாட், ஒன்பது மணி நேரம் என்றால் 1.35 யூனிட். நீரைக் குளிர்விக்கும் சில்லர் 350 வாட் எடுத்து எட்டு மணி நேரம் ஓடினால் 2.8 யூனிட். ஆக நாளொன்றுக்கு ஆறு யூனிட்டுக்கு மேல், தமிழ்நாட்டில் நமக்கு வரும் இரண்டு மாதக் கணக்கில் ஏறக்குறைய 380 யூனிட். இது வீட்டின் மற்ற செலவோடு சேரும்போது உங்கள் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டும். அந்தக் கோட்டைத் தாண்டியவருக்குக் கட்டண அடுக்கே மாறுகிறது என்பதைத் தொட்டி வாங்கும் நாளில் யாரும் நினைப்பதில்லை.

அதைவிடப் பெரிய கேள்வி மின்வெட்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பகுதியில் மின்சாரம் திரும்பி வர மூன்று நாட்கள் ஆயின. இன்வெர்ட்டரில் மின்விசிறிக்கும் விளக்குக்கும் இணைப்பு இருந்ததே தவிர, தொட்டிக்கு இல்லை. இரண்டாம் நாள் காலையில் மீன்கள் நீர்ப்பரப்பில் வாயைத் திறந்தபடி நின்றன. 150 ஆம்பியர் மணி மின்கலம் ஒன்று, வேவ்மேக்கர்கள் இரண்டை மட்டும் இணைத்தால், ஒரு நாள் தாங்கும். சில்லரும் விளக்கும் நின்றால் உயிர் போகாது. நீர் அசைவு நின்றால் போகும்.

பெரிய தொட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தச் செலவுகளுக்குப் பணம் ஒதுக்க முடியாதென்றால் தோல் பவளத்தைப் பாதியாக நறுக்கி நண்பருக்குக் கொடுத்துவிட்டுப் பழைய தொட்டியிலேயே இருக்கலாம் என்கிறேன்.

மாடிக்கடல் எழுதியது:

நன்றி. பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டினேன். தொட்டி நிற்கும் சுவருக்குக் கீழேயே உத்தரம் போவதாகவும், இரு மூலைகளுக்கு அருகில் தூண்கள் இருப்பதாகவும் வரைபடத்தைப் பார்த்துச் சொன்னார். வீட்டில் கலந்து பேசி, மின்கட்டணத்தையும் ஏற்றுக்கொண்டோம்; இன்வெர்ட்டரிலிருந்து தனி இணைப்பு ஒன்று இழுக்கப்போகிறோம். இப்போது நீர். வீட்டிலிருந்து கடல் நடக்கும் தொலைவில்தான் இருக்கிறது. உப்பு வாங்கிக் கலக்காமல் கடலிலிருந்தே எடுத்துவரலாமா?

நெய்தல் எழுதியது:

நான் எட்டு ஆண்டுகள் கடல்நீரையே பயன்படுத்தினேன், பிறகு விட்டுவிட்டேன். ஜனவரியிலிருந்து ஜூன் வரை, படகில் கரையிலிருந்து தள்ளிப் போய் எடுத்த நீர் அருமையாக இருந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கதையே மாறிவிடும். ஆறுகளின் வெள்ளம் கலந்து கரையோரத்தில் உப்பளவு இறங்கிவிடும், கூவமும் அடையாறும் நகரத்தின் கழிவையெல்லாம் கொண்டுவந்து சேர்க்கும். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, அந்த எண்ணெய்ப்படலம் தெற்கே வெகுதூரம் இறங்கி வந்ததை நாம் எல்லோரும் கரையில் நின்று பார்த்தோம். இத்தனைக்கும் மேலாக, 400 லிட்டர் நீரை இருபது லிட்டர் கேன்களில் மணலில் சுமந்து இரண்டு மாடி ஏற்றிப் பாருங்கள், உப்பின் விலை மலிவாகத் தெரியும்.

உப்புக்கணக்கு எழுதியது:

உப்பு கலப்பதென்றால் முதலில் நன்னீர் சுத்தமாக வேண்டும். வீட்டுச் சமையலறை ஆர்.ஓ. கருவியில் வரும் நீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் திடப்பொருள் அளவு) 40 அளவில் இருக்கும், அது குடிக்கத்தான் ஏற்றது. அதற்குப் பின், எஞ்சிய உப்புகளை ஈர்த்துக்கொள்ளும் டி.ஐ. பிசின் குப்பி ஒன்றைச் சேர்த்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். லிட்டருக்கு 38 கிராம் என்று வைத்தால் 400 லிட்டருக்கு 15 கிலோ உப்புக்குச் சற்று மேல் தேவை.

இனி, பலர் தவறவிடும் ஒன்று. உங்கள் தொட்டியின் காரத்தன்மை, அதாவது அமிலத்தை ஈடுகட்டும் திறன், இப்போது எவ்வளவு? சொல்லாவிட்டால், அதை அளக்கும் அலகான டி.கே.ஹெச்.சில் 7.5 என்று வைத்துக்கொள்கிறேன். கடையில் கிடைக்கும் பல உப்புகளைக் கலந்தால் 11 அளவில் வரும். பழைய நீர் 120 லிட்டரும் புதிய நீர் 380 லிட்டரும் சேர்ந்தால் மொத்தம் 500 லிட்டருக்கு 10.2 வரும். பவளங்கள் ஐந்து ஆண்டுகள் பழகிய அளவு ஒரே மாலையில் 7.5லிருந்து 10.2க்குத் தாவும். நைட்ரேட் எதிர்த்திசையில் ஓடும்: பழைய நீரில் 30 இருந்தால் புதிய தொட்டியில் 7 ஆகிவிடும். நைட்ரேட் குறைவது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் உயிர்களுக்கு உதவுவது நிதானம். இயற்கைக் கடலின் அளவான 7க்கு அருகில், கலந்தபின் வரும் உப்பாகத் தேர்ந்தெடுங்கள். இடமாற்றத்துக்கு முந்திய மாதத்தில், பழைய தொட்டியிலும் அதே உப்பால் வாரந்தோறும் நீர் மாற்றிக்கொண்டு வாருங்கள். இரண்டு நீரும் ஒன்றாகிவிடும்.

சிங்கைக்கரை எழுதியது:

சில்லர் இல்லாமல் மின்விசிறியே போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தை எடுத்துச் செல்கிறது என்பது உண்மை. நாளொன்றுக்கு ஏழு லிட்டர் ஆவியானால் உங்கள் விளக்கும் பம்புகளும் தரும் வெப்பமெல்லாம் போய்விடும். ஆனால் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு, அதாவது ஆவியாதலால் எட்டக்கூடிய கடைசி அளவுக்கு, கீழே விசிறியால் இறக்க முடியாது. எங்கள் ஊரிலும் உங்கள் ஊர்க் கடலோரத்திலும் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால், கோடையில் விசிறி 28 பாகைக்கு அருகில் வந்து நின்றுவிடும். சில்லரை வையுங்கள், ஆனால் அது கக்கும் சூட்டை அதே அறைக்குள் விட்டால் அந்தச் சூட்டைத் தொட்டியே திரும்ப வாங்கிக்கொள்ளும்.

கீழைக்கடல் எழுதியது:

உயிர்களை வாங்குவது பற்றி யாரும் பேசவில்லை என்பதால் நான் பேசுகிறேன். தொட்டி பெரிதானதும் கடினப் பவளம் வைக்கும் ஆசை வரும். பாறை கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும், கறுப்புப் பவளம், குழல் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கடல் குதிரைகளும் கடல் அட்டைகளும் அதே ஆண்டில் சேர்ந்தன. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த உயிர்ப்பாறை (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கல்) என்று யாராவது விற்றால், அதுவும் பெரும்பாலும் இறந்த பவளமே. இறந்த பவளத்துக்கும் சட்டம் பொருந்தும். 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்த 21 தீவுகளைச் சுற்றிப் பவளத்தைப் பெயர்த்தெடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் விற்ற காலம் ஒன்று இருந்தது. பெயர்த்த இடங்கள் இன்னும் முழுமையாக ஆறவில்லை. கூடுதல் கற்கள் வேண்டுமானால் செயற்கைப் பீங்கான் கற்களையே வாங்குங்கள்.

கோமாளி மீன் இன்னொரு ஜோடி வேண்டுமானால் பண்ணையில் பிறந்ததைக் கேட்டு வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் அவற்றை இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பண்ணைக் குஞ்சு தொட்டித் தீனியைப் பிறந்தது முதல் தின்று பழகியிருக்கும்.

நீல டாங் கோரிக்கைக்கு என் விடை மறுப்புதான். அது 30 சென்டிமீட்டர் வரை வளர்ந்து, நாள் முழுவதும் நீந்தும் மீன். நான்கடி அதற்கு ஒரு தாழ்வாரம்.

அலைவாய் எழுதியது:

மணலை விட்டுவிடச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நான் மூன்றாண்டு மணலை அப்படியே மாற்றினேன். ஒரு மீனும் சாகவில்லை. மணலில் வாழும் புழுக்களும் சிறு உயிர்களும் போனால் தொட்டி மலடாகிவிடும்.

பவளத்தீவு எழுதியது:

உங்களுக்கு நடந்ததை மறுக்கவில்லை. உங்கள் மணல் ஓர் அங்குலத்துக்கும் குறைவாக, நீரோட்டத்தில் அடிக்கடி புரண்டுகொண்டிருந்தது என்று நீங்களே முன்பு எழுதியிருந்தீர்கள். அத்தகைய மணலில் நஞ்சு சேர இடமில்லை. இவருடையது மூன்று அங்குலம், ஐந்து ஆண்டுகள் அசையாதது. சிறு உயிர்களைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆகவே மேல்மணலில் மட்டும் ஒரு குவளை அளவு, கடல்நீரில் அலசி, புதிய மணலின் மேல் தூவலாம். விதைநெல் மாதிரி, அவ்வளவு போதும்.

மாடிக்கடல் எழுதியது:

புதிய தொட்டி வந்து, குழாய் நீர் நிரப்பி ஒரு வாரம் கசிவுச் சோதனை நடக்கிறது. மின்வெட்டு என்ற சொல் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்ததால், நேற்று வேண்டுமென்றே ரிட்டர்ன் பம்பை நிறுத்திப் பார்த்தேன். நீரைத் திருப்பி அனுப்பும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே இருந்தது. பம்ப் நின்றதும் அது பின்னோக்கி உறிஞ்சத் தொடங்கிவிட்டது. இந்தத் தொட்டியில் ஓர் அங்குலம் என்பது 19 லிட்டர். 38 லிட்டர் கீழே இறங்க, சம்ப்பில் 30 லிட்டருக்குத்தான் இடம் இருந்தது. மீதி கூடத்துத் தரையில் ஓடியது, நல்லவேளையாக அது நன்னீர். குழாய் வாயை நீர்மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே உயர்த்தி, சம்ப்பின் இயங்கு மட்டத்தையும் குறைத்துக் கோடு போட்டுவிட்டேன். இப்போது நிறுத்தினால் சம்ப்பில் நான்கு விரல் இடம் மிஞ்சுகிறது.

உப்புக்கணக்கு எழுதியது:

கீழே இறங்கும் குழாயும் ஒன்று மட்டுமே என்றால், அவசரத்துக்கு இரண்டாவது ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். ஒரே ஒரு நத்தை அடைத்துக்கொண்டாலும், சம்ப்பில் உள்ள நீரையெல்லாம் பம்ப் மேலே ஏற்றிக் கீழ்வீட்டுக்காரரின் கூரைக்கு அனுப்பிவிடும்.

மாடிக்கடல் எழுதியது:

இடமாற்றம் சென்ற ஞாயிறு முடிந்தது. காலை ஆறு மணிக்குத் தொடங்கினோம். முதல் நாளே மூன்று நீல டிரம்களில் உப்புநீர் கலந்து, 35 உப்பளவில், அறை வெப்பநிலையில் சுற்றிக்கொண்டிருந்தது. பழைய தொட்டியின் மேல்நீர் 120 லிட்டரை முதலில் இறைத்தோம், பிறகு கற்கள், பவளங்கள், கடைசியில் மீன்கள். பழைய மணலை அள்ளத் தொடங்கியபோது வந்த நாற்றத்தில் வீட்டார் அனைவரும் பால்கனிக்குப் போய்விட்டனர். மணல் பற்றிய விவாதத்துக்கு அதற்கு மேல் சான்று எனக்குத் தேவைப்படவில்லை. மாலை நான்கு மணிக்கு மீன்கள் புதிய தொட்டியில் இருந்தன. மூன்று நாட்கள் காலையும் மாலையும் அம்மோனியா பார்த்தேன், நிறம் மாறவில்லை.

ஒரு தவறு மட்டும் நடந்தது. கடற்சாமந்தி புதிய இடத்தில் நிலைகொள்ளாமல் இரவெல்லாம் நகரும் என்று எங்கோ படித்திருந்தும், வேவ்மேக்கருக்குப் பஞ்சு உறை போட மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் அது வேவ்மேக்கரின் சல்லடையில் ஒட்டிக்கொண்டு, சில கைகள் கிழிந்து கிடந்தது. வேவ்மேக்கரை நிறுத்தி, அது தானே விடும்வரை ஏழு மணி நேரம் காத்திருந்தேன். இப்போது ஒரு கல்லின் பிளவுக்குள் ஒடுங்கியிருக்கிறது. கோமாளி மீன்கள் அதன் வாசலிலேயே நிற்கின்றன. தோல் பவளம் அன்றிலிருந்து சுருங்கி, மெழுகு போன்ற தோலை உரித்துக்கொண்டிருக்கிறது. விளக்கைப் பாதி வலுவில் வைத்திருக்கிறேன்.

பவளத்தீவு எழுதியது:

தோல் உரிவது அதன் இயல்பு, அதன் மீது நீரோட்டம் படும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கை வாரத்துக்கு ஐந்து விழுக்காட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

மாடிக்கடல் எழுதியது:

ஆறு வாரங்கள் ஆயின. தோல் பவளம் விரிந்துவிட்டது, சாமந்தியும் பிளவிலிருந்து வெளியே வந்துவிட்டது. இப்போது மணல் மீதும் கண்ணாடி மீதும் பழுப்புநிறப் படலம் பரவுகிறது. மதியத்துக்குள் அதில் சிறு குமிழிகள் தெரிகின்றன. நைட்ரேட் 5. இது டைனோஃபிளாஜெலேட் என்னும் தொல்லை தரும் நுண்ணுயிர் என்று அஞ்சுகிறேன்.

பவளத்தீவு எழுதியது:

பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. கொஞ்சம் படலத்தைத் தொட்டி நீரோடு ஒரு சிறு புட்டியில் உறிஞ்சி, நன்றாகக் குலுக்கி, மெல்லிய காகிதக் கைக்குட்டையில் வடிகட்டி, வடிந்த நீரை விளக்கடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். டைனோ என்றால் இழைகளாக மறுபடி ஒன்றுசேரும். சிலிக்காவால் ஓடு கட்டும் நுண்பாசியான டயாட்டம் என்றால் சேராது. நைட்ரேட் பூஜ்யமாகாமல் 5இல் நிற்பதால், எனக்கு இரண்டாவதன் மீதே ஐயம். டி.ஐ. பிசினை மாற்றி எத்தனை நாளாயிற்று? பிசின் தேயும்போது முதலில் நழுவி வருவது சிலிக்காதான், அது டி.டி.எஸ். மீட்டரில் சரியாகத் தெரியாது.

மாடிக்கடல் எழுதியது:

நேற்று மாலை செய்து பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்தும் நீர் தெளிவாகவே இருந்தது, எதுவும் ஒன்றுசேரவில்லை. பிசினை இடமாற்றத்துக்கு முன்பு மாற்றியது. அதன் பிறகு 400 லிட்டருக்கு மேல் அதன் வழியாகப் போயிருக்கிறது, நாள்தோறும் ஆவியாகும் ஏழு லிட்டருக்கான நன்னீரும் அதன் வழியாகத்தான் வருகிறது. இன்று புதிய பிசின் போட்டுவிட்டேன். கண்ணாடியைத் துடைத்து, மணலை நத்தைகளிடம் விட்டிருக்கிறேன்.